இரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு

ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கு,

நான் மாவட்ட நீர்ப் பகுப்பாய்வுக் கூடத்தின் தலைமைப் பகுப்பாய்வாளன். ஐம்பது வயது நிரம்பியவன். சிறுவயதில் நீ சூட்டி, இன்றுவரை நம் வீட்டில் நிலைத்துவிட்ட பெயரின்படி 'தசமம்'. இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. நீ தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியின் வளாகத்திலுள்ள ஃபுளோரைடு வடிகலத்துக்கு நேற்று முத்திரை இடப்பட்டது ஏன் என்பதைத் தெரிவிப்பது. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று முறை குறுக்கிட்டாய். நான்காம் முறை இணைப்பைத் துண்டித்தாய். ஆகவே இனி இப்பொருள் குறித்து எழுத்தில் மட்டுமே பேசுவோம்.

உங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் லிட்டருக்கு 4.90 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளது. அனுமதிக்கப்பட்ட மேல்வரம்பு 1.50. வடிகலத்துக்குள் இருக்கும் வெள்ளை மணிகள், உலோக ஆக்சைடு பூசப்பட்டவை. தம் மேற்பரப்பில் ஃபுளோரைடைப் பிடித்துவைத்துக்கொண்டு நீரை மட்டும் கீழே விடுகின்றன. பிடித்து நிறைந்ததும் காஸ்டிக் கரைசலில் அலசி, மென்மையான அமிலத்தில் சமன்செய்து, மீண்டும் பயன்படுத்துகிறோம். ஐந்தாண்டுச் சோதனைத் திட்டம் இது, இம்மாதத்தோடு முடிகிறது. இதுவரை உங்கள் வடிகலத்தின் நீர் 0.60-ஐத் தாண்டியதில்லை. மே 29 அன்று நீங்கள் அனுப்பிய மாதிரி 2.90 காட்டியது.

விதி 14-இன்படி வரம்பு மீறிய வடிகலம் மூடப்பட வேண்டும், மூடினேன். ஜூன் 28 அன்று திட்டக் குழு கூடி, வடிகலம் உங்களிடமே இருப்பதா, கழற்றி எடுப்பதா என்று முடிவு செய்யும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வேறு முடிவுக்கு வருவது கடினம். உடன்பிறந்தவள் என்பதற்காக நான் ஒரு புள்ளியைக்கூட நகர்த்த இயலாது. இதை நீ புரிந்துகொள்வாய் என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

உன் அண்ணி உன்னை விசாரித்தாள்.

இப்படிக்கு,
அண்ணன்

---

ஜூன் 7

அண்ணா,

உன் லெட்டர் வந்துச்சு. படிச்சேன். ஒரு இடத்துல கூட அடித்தல் திருத்தல் இல்லை. சந்தோஷம்.

உன் ஆளு வந்து குழாய்ல கம்பி கட்டி, அரக்கு வச்சு, மேல பேப்பர் ஒட்டிட்டுப் போனாரு. மறுநாள் காலைல ஒண்ணாம் வகுப்புல ஒரு சின்னது என் சேலையைப் பிடிச்சு இழுத்து, "டீச்சர், தண்ணிக்கும் லீவா"ன்னு கேக்குது. அதுக்கு என்ன பதில் சொல்றது? விதி 14-னு சொல்லட்டுமா?

உன் கணக்குக்கே வரேன். ஃபில்டர் தண்ணி 2.90, அது கெட்டது. சரி. ஃபில்டரை மூடிட்டே. இப்ப எல்லாரும் எதைக் குடிக்கிறாங்க? போர் தண்ணியை. அது எவ்வளவு? நீயே எழுதியிருக்கே, 4.90. ரெண்டுல எது பெருசுன்னு என் மூணாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட கேட்டா பதில் வரும். கெட்டதைப் பூட்டிட்டு அதைவிடக் கெட்டதைத் திறந்து விட்டிருக்கே. இதுக்குப் படிப்பு வேற படிச்சிருக்கே.

உனக்கு இது எண்ணு. எனக்கு இது வாய். ஒன்பதாம் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா, சிரிப்பு வந்தா நோட்டை எடுத்து வாயை மூடிப்பா. பல்லு பூரா பழுப்புக் கோடு. அவ பிறந்தப்ப ஃபில்டர் இல்லை. இப்ப ஒண்ணாம் வகுப்புல இருக்கிறதுங்க கைக்குழந்தையா இருந்தப்பவே ஃபில்டர் வந்தாச்சு. பால் பல்லு விழுந்து புதுப் பல்லு முளைக்குது, வெள்ளையா. வாயைத் திறந்து திறந்து எல்லாருக்கும் காட்டுதுங்க. அதுக்குப் பின்னாடி வர்ற கைக்குழந்தைங்க வாய்ல என்ன முளைக்கணும்னு உன் கமிட்டி 28-ஆம் தேதி முடிவு பண்ணுமாம்.

எங்க காவலாளியை உனக்குத் தெரியும். ஃபில்டரையும் அவர்தான் பாத்துக்கிறாரு. எல்லாரும் 'நிதானம்'னு கூப்பிடுறோமே, அது குணத்தைப் பாத்து வந்த பேர்னு நீ நினைச்சுட்டிருப்பே. அம்பது வருஷம் இந்தப் போர் தண்ணியைக் குடிச்சு முதுகெலும்பு இறுகிப்போச்சு. பின்னாடி யாராவது கூப்பிட்டா கழுத்தைத் திருப்ப முடியாம, உடம்பையே திருப்பிப் பாக்குறாரு. அந்தப் பேர் அப்படி வந்தது.

மாத்து ஏற்பாடு எதுவும் பண்ணியிருக்கியா? லெட்டர்ல காணோம்.

தங்கச்சி

பி.கு.: அண்ணிகிட்ட சொல்லு, நான் நல்லா இருக்கேன். உன்கிட்ட சொல்லலை.

---

ஜூன் 10

அன்புள்ள தங்கைக்கு,

மாற்றுக் குடிநீர் வழங்கக் கோரி உரிய அலுவலகத்துக்கு ஜூன் 3 அன்றே எழுதிவிட்டேன். நினைவூட்டல் ஜூன் 6. இரண்டாம் நினைவூட்டல் இன்று. அவர்கள் பதில் எழுதாததற்கு நான் பொறுப்பல்ல. எனினும் என்மீது நீ கோபப்படுவாய் என்பதால் நகல்களை இணைத்துள்ளேன்.

2.90-க்கும் 4.90-க்கும் இடையே நீ எழுப்பிய கேள்வி தர்க்கப்படி சரியானது. விதியில் அதற்கு இடமில்லை. விதியை எழுதியவர்கள், மூடிய வடிகலத்துக்குப் பக்கத்தில் மக்கள் தாகத்தோடு நிற்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களுள் நானும் ஒருவன்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. இவ்வகை மணிகள் படிப்படியாகத்தான் சோர்வடையும். ஏப்ரல் இறுதியில் 0.58 காட்டியவை மே மாதத்தில் 0.80, பிறகு 1.10 என்று ஏறியிருக்க வேண்டும். ஒரே மாதத்தில் 2.90-க்குத் தாவாது. காஸ்டிக்கில் அலசிய பின் அமிலத்தால் சமன்செய்யாமல் விட்டிருந்தால் அப்படி நேரலாம். எனவே பின்வருவனவற்றுக்கு வரிசை எண்ணிட்டுப் பதில் அனுப்பவும்.

ஒன்று: கடைசியாக மணிகளை அலசிய தேதி. இரண்டு: அமிலச் சமன் செய்யப்பட்டதா, தாளில் சோதித்தபோது என்ன நிறம் வந்தது. மூன்று: மே 29 அன்று விடிந்ததிலிருந்து மாதிரிப் புட்டி பேருந்தில் ஏறும் வரை காவலாளி செய்த ஒவ்வொரு செயலும், நடந்த வரிசையில். முக்கியமில்லை என்று நீ கருதுவதையும் விடாதே. எது முக்கியம் என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன். சென்ற ஆண்டு இதே போன்ற வினாவுக்கு நீ "எல்லாம் சரியாத்தான் பண்ணினோம்" என்று மூன்றே சொற்களில் பதில் எழுதினாய். அதை நான் கோப்பில் வைக்க வேண்டியதாயிற்று.

அண்ணன்

---

ஜூன் 13

அண்ணா,

ஒன்று: மே 12. இரண்டு: செஞ்சாச்சு, தாள் பச்சை, அதாவது சமம். அன்னைக்கு நானே பக்கத்துல நின்னேன். போதுமா?

மூன்றுக்காக நிதானத்தைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். அரை நாள் போச்சு. நீ எதையும் விடாதேன்னு சொன்னதால அவர் சொன்னதையும் நான் கேட்டதையும் அப்படியே எழுதியிருக்கேன். கோப்புல வச்சுக்கோ.

"அன்னைக்குக் காலைல எப்ப வந்தீங்க?"

"விடியுறப்ப, டீச்சர்."

"விடியுறப்பன்னா எங்க அண்ணன் ஒத்துக்க மாட்டாரு. மணி சொல்லுங்க."

"அஞ்சே முக்கால். சாருக்கு வேணும்னா அஞ்சு நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கங்க."

"வந்து என்ன பண்ணினீங்க?"

"கேட்டைத் திறந்தேன். நாய் உள்ள வந்துச்சு, விரட்டினேன். பல்லு விளக்கினேன்."

"அதெல்லாம் வேணாம்."

"ஒண்ணு விடாம சொல்லணும்னீங்களே டீச்சர். அப்புறம் அதை ஏன் சொல்லலைன்னு சார் கேட்டா?"

"சரி. அப்புறம்?"

"குழாயை விளக்கினேன். ஏப்ரல் மாசம் நாம அனுப்பின முதல் புட்டியைச் சார் திருப்பி அனுப்பிட்டாருல்ல, குழாய் வாயில பச்சைக் களிம்பு இருக்குன்னு? பித்தளைன்னா பச்சை படியத்தான் செய்யும். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை. அதான் இந்த முறை பழைய பிரஷ்ஷு, பேஸ்ட்டு வச்சு உள்ளயும் வெளியயும் நல்லா தேச்சேன். மரை இடுக்கெல்லாம் விட்டேன். முகம் பாத்துக்கலாம், அப்படி இருந்துச்சு."

"தேச்சுட்டு?"

"துணியால துடைச்சேன். கையைக் கழுவினேன். புட்டியைத் திறந்தேன், பிடிச்சேன், மூடினேன். நீங்க சீட்டு ஒட்டினீங்க. ஏழே கால் பஸ்ஸுல குடுத்தேன். அன்னைக்கு ஏழு இருபதுக்குத்தான் வந்துச்சு. பஸ்ஸு லேட்டானதுக்கும் நம்மளைத்தான் சொல்வாரா?"

அவ்வளவுதான். ஏழு வரி வேலை. இதுல தப்பு எங்க இருக்கு, நீயே சொல்லு. இதுக்கு மேல சுத்தம் வேணும்னா ஆஸ்பத்திரியிலதான் குழாய் வைக்கணும். முதுகு குனிய முடியாத மனுஷன் முட்டி போட்டு உக்காந்து உனக்காகக் குழாயைத் தேச்சிருக்காரு. அதை மறக்காம படி.

இன்னும் ஒரு விஷயம். நேத்து ரெண்டு வீட்டுக்காரங்க வந்து, "டீச்சர், உங்க அண்ணன்கிட்ட சொல்லிப் பாருங்களேன்"னாங்க. சொல்லிப் பாத்துட்டுத்தான் இருக்கேன்னு சொன்னேன். "அண்ணன் தங்கச்சிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லையா"ன்னு கேட்டாங்க. பேச்சு இல்லை, கடிதம்தான்னேன். சிரிக்கிறதா வேண்டாமான்னு தெரியாம போயிட்டாங்க.

தங்கச்சி

---

ஜூன் 16

தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாயைப் பற்றிய வரியையும் சேர்த்து.

காவலாளி பயன்படுத்திய பற்பசையின் அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து, அதில் 'ஃபுளோரைடு' என்ற சொல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார். பெரும்பாலும் இருக்கும். பல்லுக்கு நல்லது என்று அளவோடு சேர்க்கிறார்கள். அத்தகைய பசையின் ஒரு கிராமில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு உண்டு. நம் மாதிரிப் புட்டியின் கொள்ளளவு நூறு மில்லிலிட்டர். 0.60-ஐ 2.90 ஆக்குவதற்குத் தேவையான ஃபுளோரைடு 0.23 மில்லிகிராம். கால் கிராம் பசைக்கும் குறைவு, ஒரு பட்டாணியளவு. மரை இடுக்கில் அவ்வளவு தங்கியிருந்தால் போதும். ஃபுளோரைடை நீக்கும் கலத்தின் வாயில் ஃபுளோரைடைப் பூசி, அதன் வழியே நீரைப் பிடித்து, அதில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு ஆண்டுப் பணியில் இப்படியொரு மாதிரி என் மேசைக்கு வந்ததில்லை.

நிற்க. இதில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. மாதிரி எடுப்பதற்கு முன் குழாயை மூன்று நிமிடம் திறந்துவிட வேண்டும் என்பது விதி 6. அப்படித் திறந்துவிட்டிருந்தால் பசை முழுவதும் கழுவப்பட்டுப் போயிருக்கும், 2.90 வந்திருக்க வாய்ப்பே இல்லை. நீ கையொப்பமிட்ட படிவத்தில் "திறந்துவிட்ட நேரம்: மூன்று நிமிடம்" என்று உள்ளது. காவலாளியின் கூற்றில் திறந்துவிட்டதாக ஒரு சொல்லும் இல்லை. "புட்டியைத் திறந்தேன், பிடிச்சேன், மூடினேன்."

இரண்டில் எது உண்மை?

அண்ணன்

---

ஜூன் 18

அண்ணா,

பெட்டியில 'ஃபுளோரைடு' இருக்கு. பெரிய எழுத்துல, பக்கத்துல ஒரு பல்லு படமும் போட்டு. அதை வாங்கிக் குடுத்ததே நான்தான். ஸ்கூல் சுகாதாரப் பையில வந்தது.

ரெண்டாவது கேள்விக்குப் பதில்: நிதானம் சொன்னதுதான் உண்மை. மூணு நிமிஷம் திறந்து விடலை. அன்னைக்கு மட்டும் இல்லை, அஞ்சு வருஷமா ஒரு தடவை கூட விட்டதில்லை. விடக் கூடாதுன்னு சொன்னதே நான். நீ ஆபீஸ்ல உக்காந்து மூணு நிமிஷம்னு எழுதிட்டே. இங்க மூணு நிமிஷம்னா ஒண்ணரைக் குடம். காலைல அஞ்சரைக்கே குடத்தை வரிசையில வச்சுட்டுப் போறாங்க. அவங்க கண்ணு முன்னாடி ஒண்ணரைக் குடம் நல்ல தண்ணியை மண்ணுல விடச் சொல்றியா? எனக்குக் கை வராது. படிவத்துல என்ன எழுதினா நீ ஏத்துப்பியோ அதை எழுதினேன். மூணு நிமிஷம், மூணு நிமிஷம், மூணு நிமிஷம். அறுபது படிவம்.

தப்புதான். எழுதிக்கோ. மேல அனுப்பு. எனக்கு மெமோ வரட்டும், பதில் சொல்லிக்கிறேன். ஆனா நிதானத்து மேல ஒரு வார்த்தை எழுதினே, அப்புறம் நான் உனக்குக் கடிதம் கூட எழுத மாட்டேன். விஷயத்தை அந்த மனுஷன்கிட்ட சொன்னேன். பிரஷ்ஷை எடுத்துட்டுப் போயி எங்கயோ போட்டுட்டு வந்தாரு. சாயந்திரம் போகும்போது, "சார் பேருக்குக் குறை வரக் கூடாதுன்னுதான் டீச்சர் தேச்சேன். டீச்சரோட அண்ணனாச்சேன்னு"ன்னாரு.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். 28-ஆம் தேதி கமிட்டிக்காக எல்லா ஊர் முடிவையும் ஒரே தாள்ல போட்டு எங்களுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கீங்க. நேத்துதான் பொறுமையா உக்காந்து பாத்தேன். நாப்பது ஊர். வரம்பைத் தாண்டினது ஏழு. அதுல ஆறு ஊருக்கு ரெண்டு கட்டத்துலயும் எண்ணு இருக்கு. முதல் மாதிரி, மறுமாதிரி. சீல் வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு புட்டி வாங்கிப் பாத்திருக்கே. அந்த ஆறுல மூணு ஊரு ரெண்டாவது தடவை தேறியிருக்கு.

ஏழாவது ஊரு நாங்க. முதல் கட்டத்துல 2.90. ரெண்டாவது கட்டத்துல ஒரு கோடு.

ஏன் அண்ணா? எங்ககிட்ட மட்டும் ஏன் இன்னொரு புட்டி கேக்கலை? கேட்டிருந்தா முதல் வாரத்துலயே முடிஞ்சிருக்குமே. இதுக்கு மட்டும் விதி எண் போடாம பதில் எழுது.

தங்கச்சி

---

ஜூன் 21

அன்புள்ள தங்கைக்கு,

விதி எண் போடாமல் எழுத முயன்றேன். இது நான்காவது தாள். முந்தைய மூன்றையும் கிழித்துவிட்டேன். உன் அண்ணி, "என்ன, தங்கச்சிக்குக் காதல் கடிதமா எழுதுறீங்க" என்றாள்.

2.90 வந்த பிற்பகலில், கருவியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு மறுமாதிரி கோரும் சீட்டை எடுத்து, உங்கள் ஊரின் பெயரையும் எழுதிவிட்டேன். அடுத்த மேசை எழுத்தர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி ஊராச்சே சார். இன்னொரு புட்டி என்ன, தேறுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கலாமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தேநீர் நேரத்துப் பேச்சு. மூன்று பேர் சிரித்தார்கள். நான் சீட்டைக் கிழித்தேன். இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டேன். முத்திரை உத்தரவில் கையொப்பமிட்டேன்.

அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. சொந்தத் தங்கை என்றும் பாராதவன் என்று நான்கு பேர் சொல்வார்கள் அல்லவா. முன்பின் அறியாத ஆறு ஊர்களுக்கு நான் காட்டிய நியாயத்தை உனக்குக் காட்டவில்லை. அதற்கு நேர்மை என்று பெயரிட்டுக்கொண்டேன். உன் கேள்வியைப் படிக்கும் வரை அந்தப் பெயர் தவறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெருமைக்காக உன் பிள்ளைகள் பதினெட்டு நாட்களாக 4.90 குடித்திருக்கிறார்கள்.

இனி விதி எண் வருகிறது, பொறுத்துக்கொள். விதி 22: மாதிரி அனுப்புபவர் பகுப்பாய்வாளருக்கு இரத்த உறவாக இருப்பின், அம்மாதிரியை அவர் கையாளலாகாது, எடுக்கும்போதும் உடனிருத்தலாகாது. அவ்விதியை வரைந்தவன் நானே. ஐந்தாண்டுகளாக உன் புட்டிகளை வேறொருவரிடம் ஒப்படைக்காமல் நானே சோதித்துவந்தேன். என்னைவிடக் கண்டிப்பாக யாரும் உன்னை நடத்த மாட்டார்கள் என்ற எண்ணத்தில். ஆக, நீ அறுபது படிவங்களில் பொய் எழுதினாய். நான் அறுபது முறை விதி மீறினேன். குழாய் வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பிய நான், எதைக் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. நம் மூவருள் தான் செய்ததை முழுவதும் உள்ளபடி சொன்னவர் உங்கள் காவலாளி ஒருவரே.

ஆயினும் உன்மீதான எரிச்சல் எனக்குத் தீர்ந்தபாடில்லை. மூன்று நிமிடம் திறந்துவிட வேண்டும் என்றுதான் விதி 6 சொல்கிறது. அந்த நீரை மண்ணில் விட வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? குடத்தில் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மாதிரிப் புட்டிக்குள் வராமல் இருந்தால் போதும். ஐந்தாண்டுகளில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, "அண்ணா, இந்தத் தண்ணியைக் குடத்துல பிடிக்கலாமா" என்று நீ கேட்டிருந்தால், இக்கடிதங்களில் ஒன்றுகூட எழுதப்பட்டிருக்காது. நீ கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வேன் என்று நினைத்துக் கேட்காமல் விட்டாய் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனை எனக்கு உவப்பாக இல்லை.

நான் செய்தவற்றையும் செய்யவிருப்பவற்றையும் கீழே தெரிவிக்கிறேன். இவை முடிவானவை, பதில் எழுதத் தேவையில்லை.

மே 29 மாதிரியின் முடிவை, தகுதியற்ற பகுப்பாய்வாளரால் பெறப்பட்டது என்ற காரணத்தால் இன்று காலை ரத்து செய்து கையொப்பமிட்டேன். மறுமாதிரி கோராததற்குக் காரணம் என்ற இடத்தில் எழுத்தரின் பேச்சை எழுதவில்லை. அதற்குப் பயந்த என்னை எழுதியிருக்கிறேன். திறந்துவிட்ட நேரம் பற்றிய உன் பொய்ப் பதிவும் அறிக்கையில் உள்ளது. அதை விட்டுவிட என்னால் இயலாது, நீயும் விடச் சொல்ல மாட்டாய். உனக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். எனக்கும் வரும். காவலாளியைப் பற்றி ஒரே வரி: "கேட்டதற்கு மெய்யுரைத்தார்."

23-ஆம் தேதி காலை ஒன்பது பத்துப் பேருந்தில் எங்கள் இரண்டாம் பகுப்பாய்வாளர் அம்மையார் வருகிறார். எனக்கு அடங்காதவர், உனக்குப் பிடிக்கும். குழாயை வெந்நீரால் மட்டும் கழுவி, மூன்று நிமிடம் கடிகாரம் பார்த்துத் திறந்துவிட்டு, இரண்டு புட்டிகள் எடுப்பார். ஒன்றை அங்கேயே கையடக்கக் கருவியில் சோதிப்பார். 1.50-க்குக் கீழ் இருந்தால் முத்திரையை அவரே நீக்குவார். மேலே இருந்தால் முத்திரை நீடிக்கும். அப்போது மாற்றுக் குடிநீர் அலுவலகத்தின் வாசலில் நான் போய் உட்காருவேன், அடுத்த நினைவூட்டலை அஞ்சலில் அனுப்ப மாட்டேன். எண் எதுவானாலும் 28-ஆம் தேதி குழுவின் முன் அறிக்கை முழுவதையும், என் பகுதியை முதலில் வைத்து, நானே வாசிப்பேன்.

23-ஆம் தேதி எனக்கு விடுப்பு. அதே பேருந்தில் நானும் வருகிறேன். விதி 22-இன்படி மாதிரி எடுக்கும்போது நான் உடனிருக்கக் கூடாது. ஆகவே அம்மையார் உள்ளே போவார். நான் பள்ளிக் கேட்டுக்கு வெளியே, வெயிலில், சாலையைப் பார்த்து நிற்பேன். வேலை முடிந்த பிறகும் நீ வந்து கூப்பிடாமல் உள்ளே வர மாட்டேன்.

அண்ணன்